தேய்மானம் போக மீதி

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

கரோல் பாக் கடைத்தெருவில் இரண்டாவது மாடி ஆபீஸ். கூலரின் இரைச்சலையும் மீறி டெலிபோன் அலறியது.

ஜலஜா ரிசீவரை எடுத்தாள்.

இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியில் அவள் க்ளெய்ம்ஸ் ஆபீஸர். பயணத்தில் காணாமல் போன பெட்டி, கிழிந்த பை, உடைந்த காமிரா... எதற்கு எவ்வளவு தரலாம் என்று விலை போடுகிற வேலை. வருஷக்கணக்கில் ஊரார் மூட்டையைக் கிளறிக் கிளறி அவளுக்கு மனுஷ ஜாதி மேலேயே ஒரு குமட்டல் வந்திருந்தது. கிழிந்த பனியனைப் பட்டு வேட்டி என்று எழுதுவார்கள். செத்துப்போன வாட்சை ஸ்விஸ் வாட்ச் என்பார்கள். கர்மம்!

"மேடம், என் பேரு ஜோதிலிங்கம். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ். முந்தாநாள் சென்னை போற ட்ரெயின்ல திருட்டு. சூட்கேஸ் போச்சு. ஒய்ஃபோட வைரத் தோடு போச்சு. தடுக்கப் போன ஒய்ஃபையும் வெளியில தள்ளிட்டான்."

ஜலஜா புருவத்தைச் சுருக்கினாள்.

முதலில் சூட்கேஸ். அப்புறம் தோடு. கடைசியில்தான் பெண்டாட்டி!

"ஐயையோ... அவா இப்போ எப்படி இருக்கா?"

"உயிர் இருக்கு. நினைவு இல்ல. ஓக்லா பக்கம் தண்டவாளத்து ஓரமா புதர்ல கிடந்தா. அது கிடக்கட்டும் மேடம், தோட்டுக்கு எவ்வளவு வரும்?"

அது கிடக்கட்டுமாம்!

"வந்து பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும், ஸார்."

"அச்சா. இன்னொரு விஷயம்... பாலிஸியில, பயணத்துல விபத்தாகிச் செத்தா பத்து லட்சம்னு போட்டிருக்கே. ஆஸ்பத்திரியில கிடந்து அப்புறமா செத்தாலும் கணக்குல வருமா?"

ஜலஜா ரிசீவரைக் காதிலிருந்து சற்று விலக்கிப் பிடித்தாள்.

"வரும்."

"அச்சா... அச்சா!"

மறுமுனையில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு கேட்டது. சீ!

*

அரசாங்க ஆஸ்பத்திரி. தீவிர சிகிச்சைப் பிரிவு.

வைஷ்ணவி வெள்ளைத் துணியோடு துணியாகக் கிடந்தாள். முப்பது வயதுக்கு மேல் சொல்ல முடியாது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். முகமெல்லாம் முள் கீறல்.

டாக்டர் ஒரு பஞ்சாபிக்காரர். எரிச்சலில் இருந்தார். இந்தியில் கொட்டித் தீர்த்துவிட்டார்.

இவள் பிழைத்துவிடுவாள். ஆனால் அசைக்கக் கூடாது. புருஷனோ தனக்குத் தெரிந்த நர்ஸிங் ஹோமுக்கு மாற்றியே ஆக வேண்டும் என்று நிற்கிறான். நாளை சாயந்தரம் ஆறு மணிக்கு ஆம்புலன்ஸ் சொல்லிவிட்டான். கையெழுத்துப் போடுகிற உரிமை அவனுக்குத்தான். வழியிலேயே போய்ச் சேர்ந்தால் ஆஸ்பத்திரி பொறுப்பில்லை.

ஜலஜாவுக்குப் புரிந்துவிட்டது.

இவள் செத்தால் பத்து லட்சம். பிழைத்தால் வெறும் சூட்கேஸ் காசு!

அடப்பாவி!

அவள் கட்டிலருகே குனிந்தாள். தோடு போன காதைப் பார்க்க வேண்டியது அவள் உத்தியோகம். பார்த்தாள். இடது காது. அப்புறம் வலது காது.

சட்டென்று நர்ஸைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர்... இது என்ன, காதுல?"

நர்ஸ் அசட்டையாகச் சொன்னாள். "முள்ளுப் புதர்ல கிடந்தவங்க மேடம். உடம்பு பூரா குப்பையும் குச்சியும்தான். இன்னும் க்ளீன் பண்ணி முடிக்கல."

"தொடாதேங்கோ! அப்படியே இருக்கட்டும்!"

வராந்தாவுக்கு ஓடி வந்து செல்போனை எடுத்தாள். ரயில்வே போலீஸ் இன்ஸ்பெக்டர் மகாதேவன். டெல்லிக்கு வந்து இருபது வருஷமாகியும் மதுரைப் பேச்சு மாறாதவர். போன் பேச்சிலேயே இரண்டு கேஸ்களில் அவளுக்கு உதவியவர்.

அவர் விஷயத்தை முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"டாக்டரை வச்சே அதை எடுக்கச் சொல்றேன். ஆனா இது மட்டும் பத்தாது மேடம். ஒரே ஒரு வார்த்தை சொன்னான்னா தப்பிச்சுப் போயிடுவான்."

"அந்த ஒரு வார்த்தையை அவன் வாயால சொல்லாம நான் பார்த்துக்கறேன், ஸார்."

"எப்படி?"

"பணத்தைக் காட்டி!"

*

மறுநாள் மாலை நாலு மணி. கரோல் பாக் ஆபீஸ்.

ஜோதிலிங்கம் வந்தான். மொடமொடவென்று இஸ்திரி போட்ட சட்டை. பவுடர் போட்ட முகம். கக்கத்தில் ஒரு தோல் பை. கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி இருந்தான் பாவி.

ஓரத்து நாற்காலியில் ஒரு தடித்த மீசைக்காரர் லென்ஸும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"இவர் நம்ம நகை மதிப்பீட்டாளர்," என்றாள் ஜலஜா. "உக்காருங்கோ."

"ஜல்தி முடிங்க மேடம். ஆறு மணிக்கு ஆம்புலன்ஸ் வருது."

"தெரியும். முதல்ல சூட்கேஸ். எப்போ வாங்கினேள்?"

"மூணு வருஷம் இருக்கும்."

"அப்போ பாதி விலைதான் வரும். உழைச்ச பொருளுக்குத் தேய்மானம் கழிச்சு மீதிதான் கம்பெனி தரும்."

"பாதியா? என்ன மேடம் அநியாயமா இருக்கு! சரி, புடவையெல்லாம் புதுசு. சரோஜினி நகர்ல வாங்கினது."

"பில்?"

"சரோஜினி நகர்ல எவன் மேடம் பில் தர்றான்?"

"பில் இல்லேன்னா புதுசுங்கறதுக்கு ஆதாரம் இல்லை. அதுக்கும் கழிப்போம்."

ஜோதிலிங்கம் பல்லைக் கடித்தான். சட்டென்று ஒரு ஞாபகம் வந்து முகம் மலர்ந்தது.

"செருப்பு! ஒய்ஃபோட செருப்புல ஒண்ணுதான் கிடைச்சுது. இன்னொண்ணு போச்சு. ஜோடிக்கே காசு தரணும் நீங்க."

"போனது ஒண்ணுதானே?"

"ஒத்தைச் செருப்பை வச்சு என்ன பண்றது? அவ இனிமே எழுந்து நடக்கவா போறா!"

ஜலஜா பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தச் செருப்பு மட்டும் கையில் இருந்திருந்தால் நடந்திருப்பதே வேறு!

மீசைக்காரர் தொண்டையைச் செருமினார். ஜலஜா நிதானத்துக்கு வந்தாள்.

"இப்போ தோடு. அது எங்கே இருந்தது? பெட்டியிலயா, காதுலயா?"

ஜோதிலிங்கத்தின் கண் இடுங்கியது. "ஏன்? பெட்டியில இருந்தா?"

"ஒரு பைசா வராது. நகைன்னா உடம்புல போட்டுண்டிருக்கணும். கழட்டிப் பையில வச்சிருந்த நகைக்கு இந்தப் பாலிஸியில இடமில்லை."

"காதுலதான் மேடம்!" துள்ளினான். "காதுலதான் இருந்துச்சு!"

"நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிக்க என்ன இருக்கு? பாத்ரூம் போறேன்னு எழுந்து போறப்பகூட பளபளன்னு மின்னுச்சு. என் கண்ணால பார்த்தேன்."

எழுதிக்கொண்டாள்.

"கொக்கியா... திருகாணியா?" மீசைக்காரர் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"அதுல என்ன வித்தியாசம்?"

"கொக்கின்னா தங்கம் கம்மி," என்றாள் ஜலஜா. "திருகாணின்னா தங்கம் ஜாஸ்தி. தொகையும் ஜாஸ்தி."

"திருகாணி! சுத்தமான திருகாணி! என் மாமனார் கல்யாணத்துக்குப் போட்டது. கெட்டித் தங்கம்."

"ஆனா ஒண்ணு. அடிக்கடி கழட்டி மாட்டினா திருகு தேய்ஞ்சிருக்கும். அதுக்கும் கழிக்கணுமே..."

"கழட்டினதே இல்ல மேடம்!" ஜோதிலிங்கம் மேஜையைத் தட்டினான். "சத்தியமா! கல்யாணத்தன்னிக்கு மாட்டினது. அப்புறம் அந்தத் திருகை ஒருத்தர் தொட்டதில்ல. இறுகிப் போச்சு. ஆசாரி முட்டிப் பார்த்தும் அசையல. தேய்மானமே கிடையாது!"

"அப்போ முழு விலைதான். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கோ."

போட்டான். சந்தோஷமாகப் போட்டான். கீழே இரண்டு புள்ளி வைத்து ஒரு கோடும் இழுத்தான்.

"கடைசியா ஒரு கேள்வி. கழட்டவே முடியாத தோட்டைத் திருடன் எப்படி எடுத்தான்?"

"பிச்சு இழுத்துட்டான் மேடம். ஒரே இழுப்பு! காது ரெண்டும் கிழிஞ்சு ரத்தம் கொட்டுச்சு. அப்பத்தான் நான் ஓடி வந்தேன்..."

"ஆஸ்பத்திரியில உங்க ஆத்துக்காரி காதைப் பார்த்தேளா?"

"அது... டாக்டர் கிட்ட விடல..."

"நான் பார்த்தேன். காதுல ஒரு சின்னக் கிழிசல்கூட இல்லை, மிஸ்டர் ஜோதிலிங்கம்!"

ஜோதிலிங்கம் தோல் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"அ... அப்ப கழட்டியிருப்பான்... இருட்டுல எனக்குச் சரியாத் தெரியல..."

"ஆசாரியால அசைக்க முடியாத திருகை, ஓடற ட்ரெயின்ல, கதவோரத்துல நின்னுண்டு நிதானமா கழட்டினானா?"

ஜலஜா மேஜை டிராயரைத் திறந்தாள். ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையை எடுத்து அவன் முன்னால் போட்டாள்.

உள்ளே இரண்டு குச்சிகள். தீக்குச்சியில் பாதிகூட இல்லை.

"எ... என்ன இது?"

"வேப்பங்குச்சி. ரெண்டு காது ஓட்டையிலயும் ஒண்ணொண்ணு இருந்தது. புதர்ல ஒட்டின குப்பைன்னு நெனைச்சா நர்ஸ். தோட்டைக் கழட்டினா ஓட்டை தூர்ந்து போயிடக் கூடாதுன்னு நம்ம பொம்மனாட்டிகள் சொருகிக்கறது இது. நேக்குத் தெரியாதா?"

ஜோதிலிங்கத்தின் பவுடர் முகத்தில் வியர்வை கோடு கோடாக இறங்கியது.

ஜலஜாவின் குரல் உயர்ந்தது.

"எந்த ஊர்த் திருடன்யா தோட்டையும் பிடுங்கிண்டு, 'ஓட்டை தூர்ந்துடும்மா'ன்னு கரிசனமா குச்சியும் சொருகிட்டுப் போவான்? ட்ரெயின்ல திருட்டு ஜாஸ்தி, கழட்டிக் குடு, நான் பத்திரமா வச்சுக்கறேன்னு வீட்டிலேயே வாங்கிண்டிருக்கே! அந்தப் பொண்ணும் நம்பிக் குடுத்திருக்கு. உன் குவார்ட்டர்ஸ் வாசல் வேப்பமரத்தையும் நான் பார்த்தாச்சு. குச்சி உடைச்சு அது சொருகிண்டதை நீ கவனிக்கக்கூட இல்லை. உனக்குக் கண்ணெல்லாம் தோட்டு மேலதானே!"

ஜோதிலிங்கம் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டுக் கதவை நோக்கிப் பாய்ந்தான்.

மீசைக்காரரின் கால் நீண்டது.

தடால்!

தோல் பை தெறித்து விழுந்தது. அதிலிருந்து சீப்பு, ஸ்கூட்டர் சாவி, மடித்த ஒரு பேப்பர் பொட்டலம்... பொட்டலம் பிரிந்து தரையில் இரண்டு தோடுகள் பளிச்சென்று உருண்டன!

"எதிர்ல நகைக் கடை வரிசையாச்சே," என்றார் மீசைக்காரர். "இங்க தோட்டுக்கு இன்ஷ்யூரன்ஸ் வாங்கிக்கிட்டு, அப்படியே ரோட்டைத் தாண்டித் தோட்டையும் வித்துட்டுப் போகலாம்னு வந்திருக்க. ஒரே ஆட்டோ சார்ஜ். கெட்டிக்காரன்டா நீ!"

"நீ... நீங்க மதிப்பீட்டாளர்தானே...?"

"லென்ஸைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அதைக்கூடப் பார்க்கல நீ. இன்ஸ்பெக்டர் மகாதேவன், ரயில்வே போலீஸ்."

விலங்கு 'க்ளிக்'கென்றது.

அதே நொடியில்...

ட்ரிங்... ட்ரிங்...!

ஜலஜா ரிசீவரைக் காதில் வைத்தாள். ஆஸ்பத்திரி டாக்டர். அவர் சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்ந்தது. அப்புறம் மெல்ல மெல்ல இருண்டது.

"வைஷ்ணவி கண்ணு முழிச்சுட்டா, ஸார்."

"அடிச்சது அதிர்ஷ்டம்! அந்தப் பொண்ணு வாயாலயே இவன் பேரைச் சொல்லட்டும்."

"சொல்லலை," என்றாள் ஜலஜா. "பின்னாலேர்ந்து தள்ளியிருக்கான். யாருன்னே அவளுக்குத் தெரியலை. திருடன்னுதான் நெனைச்சுண்டிருக்கா. கண்ணு முழிச்சதும் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? 'அவருக்கு ஒண்ணும் ஆகலையே?'ன்னு கேட்டாளாம்!"

மகாதேவன் தலை குனிந்தார்.

தரையில் கிடந்த ஜோதிலிங்கத்தின் முகத்தில் மட்டும் வெளிச்சம் வந்தது!

"பார்த்தீங்களா? பார்த்தீங்களா ஸார்! அவளே திருடன்னு சொல்றா! விடுங்க என்னை! நான் அவளைப் பார்க்கணும், என் பொண்டாட்டி ஸார் அவ...!"

தூ!

ஜலஜாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. கரப்பான்பூச்சி மேலே ஏறினால்கூட இப்படிக் கூசியிருக்காது. மகாதேவன் சற்று தாமதித்திருந்தால், இவன் ஆம்புலன்ஸைக் கொண்டு போய் நிறுத்தியிருப்பான். அந்தப் பைத்தியக்காரப் பெண்ணும் இவன் கையைப் பிடித்துக்கொண்டு, தானாகவே ஏறிப் போயிருக்கும்.

"அவ சொல்லாட்டிப் பரவாயில்லடா," என்றார் மகாதேவன். "தோடு கடைசி வரைக்கும் காதுல இருந்துச்சு, கழட்டவே முடியாதுன்னு நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க. முன்னாடியே கழட்டி வச்சிருந்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தப்பிச்சிருப்ப. இப்ப அந்தத் தோடு உன் பையில. போதாதா? எழுந்திரு!"

சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். இஸ்திரி மடிப்பு கலைந்து தொங்கியது.

ஜலஜா ஆம்புலன்ஸை ரத்து செய்யச் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணிடம் விஷயத்தை யாராவது சொல்லியாக வேண்டும். தானே போவதாக முடிவு செய்தாள்.

வாசற்படிவரை போன ஜோதிலிங்கம் திரும்பினான். விலங்கு மாட்டிய கையோடு, குரலைத் தாழ்த்திக் குழைந்தான்.

"மேடம்... தோட்டை விடுங்க. அந்த சூட்கேஸ், புடவை, ஒத்தைச் செருப்பு... அது நிஜமாவே போச்சு மேடம். அதுக்காவது ஏதாவது பார்த்துப் போட்டு..."

ஜலஜா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"கணக்கு அப்பவே போட்டாச்சு. தேய்மானம் போக மீதி ஒரு அலுமினியத் தட்டு, ஒரு டம்ளர், ஒரு போர்வை வர்றது. பில்லெல்லாம் வேண்டாம்... திஹார் ஜெயில் வாசல்லயே குடுத்துடுவா!"