கட் சொல்லாத ஷாட்

லிட்டில் இந்தியாவின் பாட்டுச் சத்தம் தேய்ந்து மறைகிற ஒரு சந்தில், சனிக்கிழமை மதியம், கெல்வின் காரை நிறுத்தினான். முதலில் இறங்கியவள் லோகேஸ்வரி. எதிரே அந்தப் பழைய கடைவீடு, மாடிச் சன்னல்களைச் சாத்திக்கொண்டு நின்றது. இரண்டு வருடத்துக்கு முன், சினிமா படிக்கச் சேர்ந்த புதிதில், தன் முதல் படத்தை அவள் எடுத்தது இங்கேதான்.

படமா அது? மூன்று நிமிடப் பேய்ப்படம். பேய் நடந்து வரும்போது வெளியே போன மோட்டார் சைக்கிளின் ஹாரன் அப்படியே பதிவாகியிருந்தது. வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஆனால் கடைசி ஷாட் வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. மாடிப்படியின் உச்சியில் வெள்ளைச் சேலையில் ஒரு பெண், முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான், ஒன்றுமே நடக்காது. எடுத்தவளுக்கே அதைப் பார்த்தால் கை சில்லிடும்.

'காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை' என்று யாரோ பின்னால் சொன்னார்கள். அந்தச் சொல் லோகேஸ்வரிக்கு இன்னும் ஆறவில்லை.

இறுதிப் படத்துக்கு, முதல் படத்தையே திரும்ப எடுக்க வேண்டும் என்று விரிவுரையாளர் நோர்மா சொல்லிவிட்டார். இடையில் என்ன கற்றுக்கொண்டோம் என்பது அதில் தெரிய வேண்டுமாம். லோகேஸ்வரிக்கு வேண்டியது அந்த ஒரு ஷாட். இந்த முறை அது தானாக விழுந்த பழமாக இருக்கக்கூடாது.

"டோரதி, இன்னைக்காவது கடைசி வரைக்கும் இருப்பியா?" காரிலிருந்து கேமரா பெட்டியை இறக்கிக்கொண்டே கெல்வின் சீண்டினான். "அன்னைக்குக் கரண்டு போனதும் எங்களுக்கு முன்னாலயே ஓடிப்போய் இந்தக் காடியில உக்காந்துட்டே. நல்ல பேய்லா நீ!"

"நான் ஓடலைன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று டோரதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு படத்திலும் அவள்தான் பேய்.

உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாடை. அன்று இருட்டுக்காகச் சாயங்காலம் வரை காத்துக் கிடந்தார்கள். இன்று சன்னல்களில் கறுப்புத் துணியைக் கட்டி, பட்டப்பகலிலேயே இரவைச் செய்துவிட்டார்கள். படியின் மேல் விழும்படி நிலா வெளிச்சம் மாதிரி ஒரே ஒரு விளக்கு. கெல்வின் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். ஆள் பேசாத வீட்டுக்கும் ஒரு சத்தம் உண்டு, அதைத் தனியாகப் பதிந்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் முதல் படத்தில் அவனுக்குத் தெரியாது.

"யாரும் அசையாதீங்க," என்றான்.

வீடு அமைதியானது. எங்கோ தண்ணீர் சொட்டியது.

கெல்வின் நெற்றியைச் சுருக்கினான். "லோகேஸ், மேல உக்காந்திருக்கிறவள மூச்ச கொஞ்சம் மெதுவா விடச் சொல்லு."

"யாரை?"

"டோரதியத்தான்."

டோரதி அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிச் சிரிக்கத்தான் லோகேஸ்வரி வாயெடுத்தாள். சிரிப்பு வரவில்லை.

"டோரதி, நீ மேல போய் உக்காரு. அன்னைக்கு உக்காந்த மாதிரியே."

"நான் எங்க உக்காந்தேன்? எனக்குத் தலைவலின்னு பின்பக்கமாப் போய்க் காடியில படுத்துட்டேன். அப்புறம்தான் கரண்டே போச்சு." டோரதியின் குரல் இறங்கியது. "படத்துல உக்காந்திருக்கிறது நீன்னுல்ல நெனச்சேன்."

லோகேஸ்வரிக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அன்று கேமராத் திரையில் வெள்ளைச் சேலை தெரிந்ததும், அவள் கீழே இருந்தே கத்தினாள். 'அப்படியே இரு! நான் கட் சொல்ற வரைக்கும் அசையாதே, திரும்பாதே!' அப்போதுதான் கரண்டு போனது. விழுந்தடித்து ஓடினார்கள்.

கட் சொல்லவே இல்லை.

அவள் மெதுவாக மானிட்டரைப் பார்த்தாள். நேரே பார்த்தால் படியில் யாரும் இல்லை. மானிட்டரில் அந்தப் பெண் இருந்தாள்.

அதே முதுகு. அதே சேலை. ஆனால் தோள்கள் இப்போது கூனியிருந்தன. நெடுநேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தவளைப் போலக் கழுத்து நடுங்கியது.

இந்தத் தடவை டோரதி உண்மையிலேயே ஓடினாள்.

கெல்வின் சிலுவை போட்டுக்கொண்டு ஹெட்போனை நீட்டினான். லோகேஸ்வரி ஒரு காதில் வைத்தாள். களைத்துப்போன ஒரு பெண்ணின் குரல், மிக மரியாதையாகக் கேட்டது.

"இன்னும் இருக்கணுமா?"

பயத்தைவிடப் பாவமாக இருந்தது அவளுக்கு. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்.

"கட்."

மரப்படி கிறீச்சிட்டது. நீண்ட பெருமூச்சு. ஒவ்வொரு படியாகக் காலடிகள் இறங்கின. ஈரச் சுண்ணாம்பு வாடை அவர்களைக் கடந்து வாசல் பக்கம் போனது. கெல்வின் கண்ணை இறுக மூடியிருந்தான். கதவு தானாக ஒரு சாண் திறந்து, பகல் வெளிச்சம் தரையில் விழுந்தது.

முடிந்தது. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. லோகேஸ்வரி மூச்சை விட்டு மானிட்டரைப் பார்த்தாள். ஓரத்தில் எரிய வேண்டிய சிவப்புப் புள்ளி எரியவில்லை.

கேமரா ஓடவே இல்லை. வாழ்நாளில் ஒரு முறை கிடைக்கிற ஷாட், பதிவாகவில்லை. முதல் வருடப் பிள்ளைகள்கூடச் செய்யாத தப்பு!

"ஐயோ, ரோல் ஆகலையா!" இரண்டு வருடப் பழக்கம் நாக்கின் நுனியிலேயே இருந்தது. "ஒன் மோர் போலாம்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்குப் புரிந்தது.

திறந்த கதவு நின்றது.

பிறகு மெல்லச் சாத்திக்கொண்டது.

காலடிகள் திரும்பி வந்தன. அவர்களைக் கடந்து, படியேறி, உச்சியில் போய் அமர்ந்தன.

"என்னடி சொன்னே?" கெல்வின் கிசுகிசுத்தான். "கட் சொல்லு. இப்பவே சொல்லு லோகேஸ்."

சொல்லியிருக்கலாம். அவள் விரல் சிவப்புப் பொத்தானை அழுத்தியது. திரையில் அந்தப் பெண் கூனலை நிமிர்த்திக்கொண்டாள். முகத்தை ஒரு விரற்கடை மட்டும் வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள், கன்னம் தெரியுமளவு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவ்வளவு அழகான ஒரு காட்சியை லோகேஸ்வரி எடுத்ததே இல்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பேராசை கண்ணைக் கட்டியது.

கன்னம் மேலும் திரும்பத் தொடங்கியபோது கெல்வின் கேமராவை ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு, இன்னொரு கையால் அவளையும் இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். கார் பாலத்தில் ஏறும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டாவது தடவையும் கட் சொல்லவில்லை.

திரையிடலன்று யாரும் சிரிக்கவில்லை. விளக்கு போட்ட பிறகும் வகுப்பு பேச்சு மூச்சற்று இருந்தது. முதல் படத்துக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்றார் நோர்மா. ஒலி, ஒளி எல்லாவற்றையும் பாராட்டிவிட்டு, கடைசியில் கேட்டார்: "படியில் இருக்கும் பெண்ணும் எவ்வளவு தேறிவிட்டாள்! முன்பு வெறுமனே உட்கார்ந்திருந்தாள், இப்போது நடிக்கிறாள். யார் அவள்? பெயரைக் காணோமே?"

டோரதி தலை குனிந்தாள். லோகேஸ்வரிக்கு அந்தப் பாராட்டு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. தன் ஒரு ஷாட்டுக்காக, வாசல் வரை போனவளைத் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டோமே!

அங்கிருந்து நேரே அந்தச் சந்துக்குத்தான் போனாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. கடைவீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. வாசலை ஒட்டிய ஐந்தடி நடைபாதையில் நின்று, பலகை இடுக்கில் வாயை வைத்தாள்.

"நல்லா வந்துச்சு. ரொம்ப நல்லா வந்துச்சு. போதும்... கட்."

உள்ளே படி கிறீச்சிட்டது.

காலடிகள் இறங்கி வாசலுக்கு வந்தன. பூட்டு அசையவில்லை. ஆனால் ஈரச் சுண்ணாம்பு வாடை அவளைத் தொட்டுக்கொண்டு வெளியே வந்தது. அவள் கண்ணை மூடி வழிவிட்டு நின்றாள். போகட்டும், நல்லபடியாகப் போகட்டும்.

வாடை போகவில்லை.

அவள் தெருவைப் பார்த்து நடந்தாள். பின்னால் காலடிகள் நடந்தன. நின்றாள். அவையும் நின்றன.

காதுக்கு மிக அருகில், களைப்பெல்லாம் தீர்ந்த ஒரு குரல் ஆசையாகக் கேட்டது.

"அடுத்த ஷாட் எங்க?"