மஹிமாவின் நூற்று முப்பத்தெட்டு

எனக்கு ஒரு நிமிடம்கூடச் சும்மா உட்கார வராது. அதனால்தான் கலையரசி மிஸ் குறிப்பு நோட்டை என் கையில் கொடுத்து வைத்தார்.

எங்கள் ஆரணிப் பள்ளியின் கபடிக் குழுவுக்குப் புதிதாக ஒரு கைப்பட்டை வந்திருந்தது. அதைக் கட்டிக்கொண்டு ஓடினால், இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது என்று மிஸ்ஸின் போனில் தெரியும். ஓடி முடித்து இரண்டு நிமிடம் உட்கார வேண்டும். துடிப்பு நூற்றிருபதுக்குக் கீழே இறங்காவிட்டால், உடம்பு இன்னும் களைப்பில் இருக்கிறது என்பார் மிஸ். அந்த எண்ணை நோட்டில் எழுதுவது என் வேலை.

வியாழக்கிழமை காலை மஹிமாவுக்கு நூற்று முப்பத்தெட்டு.

"இன்னா மஹிமா, இறங்கவே மாட்டேங்குது? நாளைக்கும் இப்படியே இருந்தா, சனிக்கிழமை மேட்ச்ல நீ வெளியதான் உட்காரணும்."

மஹிமா தலையைக் குனிந்துகொண்டாள். சனிக்கிழமை எங்களை எதிர்த்து ஆட வரும் கண்ணமங்கலத்துப் பெண்களின் காலைப் பிடித்து நிறுத்த அவளை விட்டால் ஆள் இல்லை. அதைவிட, அவள் என் தோழி.

வகுப்பில் பாடம் ஏறவில்லை. மேசைக்கு அடியில் நோட்டைப் புரட்டினேன். செவ்வாய் காலை நூற்று முப்பத்து நான்கு. புதன் காலை நூற்றுப் பத்து. புதன் மட்டும் எப்படி நல்ல பிள்ளையாக இருந்தது?

செவ்வாய் மாலை மழை. பயிற்சி ஐந்து மணிக்கே முடிந்துவிட்டது. மற்ற நாட்களில் இருட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போனோம்.

மணி அடித்ததும் அவளை ஓரமாக இழுத்துப் போனேன்.

"நேத்து நைட்டு இன்னா சாப்ட்ட?"

"ஒண்ணும் இல்ல. பொழுது சாய்ஞ்சா எங்க வீட்ல யாரும் சாப்பிட மாட்டோம். நாங்க ஜைனங்க இல்ல? நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள இருட்டிடுது."

"அப்போ மதியம் சாப்ட்டதோடதான் மறுநாள் காலையில ஓடிகினு இருக்கியா? மிஸ்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"என் ஒருத்திக்காகப் பிராக்டிஸ நிறுத்துவாங்க. எல்லாருக்கும் பேஜாரு. நீயும் சொல்லாத. சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தேன்.

"சரி, சாயங்காலம் டிபன் பாக்ஸோட வா" என்றேன்.

மாலை ஐந்தரை மணிக்கு, 'கபடி, கபடி' என்று பாடிக்கொண்டு போன நான் ஆடுகளத்தின் நடுவில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

"இன்னா ஆச்சு கனிமொழி?" என்று ஓடி வந்தார் மிஸ்.

"பசிக்குது மிஸ். சாப்ட்டாதான் எழுந்திருப்பேன்."

"எனக்கும் மிஸ்!" என்றாள் அன்புச்செல்வி. அவளுக்கு எந்த நேரமும் பசிதான். அடுத்த நொடி எல்லோரும் மண்ணில் உட்கார்ந்திருந்தோம்.

"நல்லா சேர்ந்தீங்கடி! கால் மணி நேரம்தான். ஜல்தியா சாப்ட்டு வாங்க."

வெயில் இன்னும் இருந்தது. மஹிமா மூன்று சப்பாத்தி சாப்பிட்டாள். நான்காவது எனக்கு.

வெள்ளிக்கிழமை காலை அவள் ஓடி முடித்து உட்கார்ந்தாள். நான் அவளையே சுற்றிச் சுற்றி நடந்தேன். அந்த இரண்டு நிமிடம் நகரவே இல்லை.

"நூத்தி எட்டு!" என்றார் மிஸ்.

பிறகு என்னிடமிருந்த நோட்டை வாங்கிப் பார்த்தார். மஹிமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இனிமே தினமும் அஞ்சரைக்கு எல்லாரும் சாப்பிடணும். எனக்கும் சேர்த்து எடுத்துகினு வாங்க."

பட்டையை என் கையில் கட்டிவிட்டு, சனிக்கிழமைக்கான பெயர்களைப் படித்தார். ஆறு பெயர்கள் வந்துவிட்டன. ஏழாவதுக்கு முன்னால் வேண்டுமென்றே நிறுத்தித் தொண்டையைச் செருமினார்.

"மஹிமா."

உடனே போனைப் பார்த்துக் கண்ணை அகல விரித்தார்.

"கனி, நூத்தி நாப்பதா? நீ இன்னும் ஓடவே இல்லையேடி!"