கோளாறைத் திருப்பித் தரவும்

மழை வருவது போலவும் வராதது போலவும் ஏமாற்றிக்கொண்டிருந்த ஒரு பிற்பகல். மூன்று மணிக்கு அந்தப் பழைய வீட்டின் முன்னால் மெக்கானிக் வேனை நிறுத்தினார். கழுத்தில் தொங்கிய அட்டை அவரை ‘வாடிக்கையாளர் மகிழ்ச்சி அலுவலர்’ என்றது. கையில் இருந்ததென்னவோ ஸ்க்ரூ டிரைவர்தான்.

கதவைத் திறந்தவர் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் மனுக்களில் ஓட்டை தேடியவருக்கு இப்போது சொந்தமாக ஒரு மனு. வெகுநாள் திறக்காத அலமாரியின் வாசனை வீடெங்கும் தேங்கி நின்றது. கூடத்தில் டிவிக்கு எதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர் உட்கார்ந்தார். மற்றதில் அவர் கம்பெனிக்கு எழுதிய ஏழு கடிதங்களின் நகல்கள் உட்கார்ந்திருந்தன.

“டிவிக்கு என்ன சார்?”

“நல்லா இருக்கு. அதான் புகார்.”

மெக்கானிக் பதினெட்டு வருடமாக எத்தனையோ புகார் கேட்டவர். இதற்கு அவரிடம் முகபாவம் எதுவும் இருக்கவில்லை.

“இது என் வீட்டுக்காரி பாத்துப் பாத்து வாங்கினது தம்பி. நாலு மாசம்கூட உக்காந்து பாக்கல, போயிட்டா. அவ போன மறுமாசத்துலேர்ந்து தினம் சாயந்திரம் நாலு பத்துக்கு இது தானா ஆன் ஆச்சு. நான் பயந்துபோய் கம்பெனிக்கு எழுதினேன். உங்க ஆள் ஒருத்தர் வந்து உள்ள இருந்த போர்டை மாத்திட்டுப் போனாரு. அன்னிலேர்ந்து மூச்சு பேச்சில்ல.”

“நல்லதுதானே சார்?”

“நாலு பத்து, அவ சீரியல் பாக்கற நேரமாம். பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். அந்த நேரத்துக்கு நான் என்னிக்கு வீட்டுல இருந்திருக்கேன்?” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கட்டினவளையே கோளாறுன்னு எழுதிக் குடுத்து அனுப்பிட்டேன் தம்பி.”

பழைய போர்டைத் திருப்பித் தரச் சொல்லித்தான் அந்த ஏழு கடிதங்கள். கம்பெனியும் சளைக்காமல் ஏழு பதில் போட்டிருந்தது. எல்லாம் ‘மதிப்புமிக்க வாடிக்கையாளரே’ என்று தொடங்கி, ‘கோளாறு இல்லாமை வாரண்டியில் அடங்காது’ என்று முடிந்தன. கழற்றிய பாகம் கம்பெனியின் சொத்து. வாரண்டி முடியும்வரை குடோனில் கிடக்கும். பிறகு நொறுக்கும் இயந்திரத்துக்குப் போய்விடும்.

வாரண்டி அன்று மாலை ஐந்து மணியோடு முடியவிருந்தது.

மெக்கானிக் வாசலுக்கு வந்து குடோன்காரருக்குப் போன் போட்டார். போர்டின் நம்பரைச் சொன்னதும் மறுமுனை உற்சாகமானது.

“அதுவா? தாராளமா எடுத்துட்டுப் போ மாப்ள. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

“ஏன்டா?”

“வயர் இல்ல, கரண்ட் இல்ல, சும்மா ரேக்குல கிடக்கு. நாலு மணிக்கு மேல அந்தப் பக்கம் நான் தலவச்சுப் படுக்கறதில்ல.”

“என்ன ஆகுது?”

குடோன்காரர் குரலைத் தாழ்த்தினார்.

“பொம்பளக் குரல். ‘என்னங்க’ங்குது.”

பேய்க்குப் பயப்படும் வயதை மெக்கானிக் தாண்டியிருந்தார். மேலாளருக்குப் பயப்படும் வயதில் இருந்தார். இருந்தும் குடோனுக்குப் போனார். கையெழுத்துப் போடாமல் போர்டை எடுத்துவந்தார். டிவியின் முதுகைத் திறந்து பொருத்தும்போது மணி நாலாகியிருந்தது. போர்டு விரலில் சில்லென்று ஒட்டியது. டிவிக்குள்ளிருந்து, அப்போதுதான் குளித்துவிட்டு வந்த தலைமுடியின் ஈர வாசனை வந்தது.

இருவரும் காத்திருந்தார்கள். வெளியே மேகம் இறங்கி, கூடம் இருண்டது.

நாலு ஐந்து.

நாலு எட்டு.

நாலு பத்துக்கு டிவி ஆன் ஆனது. ரிமோட் மெக்கானிக்கின் சட்டைப்பையில் இருந்தது.

படம் இல்லை. சாம்பல் வெளிச்சம் மட்டும்.

“என்னங்க.”

தலைமை எழுத்தர் துள்ளி எழுந்தார். “இங்கதாம்மா இருக்கேன்!”

“என்னங்க... எங்க இருக்கீங்க?”

“இதோ, உன் எதிர்லதான்!”

டிவிக்குள் காலடிச் சத்தம் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போனது. கதவு ஒன்று கிறீச்சிட்டுத் திறந்தது. இந்த வீட்டில் ஒரு கதவும் அசையவில்லை.

“என்னங்க?”

குரலில் பயம் இருந்தது. காலி வீட்டில் தனியாக இருப்பவர்களின் பயம்.

“சார்,” மெக்கானிக் கிசுகிசுத்தார், “அவங்களுக்கு நீங்க பேசறது கேக்கல.”

“தெரியுது.”

“கழட்டிடட்டுமா?”

“வேணாம்.” பெரியவர் மெதுவாக உட்கார்ந்தார். “இந்த நேரத்துக்கு இப்படித்தான் எத்தனையோ நாள் கூப்பிட்டிருப்பா. அப்பல்லாம் நான் இல்ல. இனிமேலாவது இருக்கேன். நீங்க கெளம்புங்க தம்பி.”

மெக்கானிக் வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். செல்போனில் ‘புகார் தீர்க்கப்பட்டது’ என்பதை அழுத்தினார். சாவியைத் திருப்பப் போன நேரம் தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு. முடித்த புகாரைச் சரிபார்க்கும் பெண்.

“அண்ணே, கஸ்டமர் நம்பருக்கு இப்பதான் பேசினேன். ஒரு அம்மா எடுத்தாங்க.”

ஜன்னல் வழியே கூடம் தெரிந்தது. பெரியவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. டிவியைப் பார்த்து உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. அவருடைய போன் பக்கத்து மேஜையில் கவிழ்ந்து கிடந்தது.

“என்ன... என்ன சொன்னாங்க?”

“வீட்டுல யாருமே இல்லயாம்ண்ணே. ரொம்ப நாளாத் தனியா இருக்காங்களாம். ‘எங்க வீட்டுக்காரரக் காணோம், ஒரு புகார் எழுதிக்கறியாம்மா’ன்னு அழறாங்க. நான் இத எந்தப் பிரிவுல பதியட்டும்?”