வழி விடாத வண்டி

கீழ்நிலாவில் பிள்ளைகளைக் கட்டிப்போட்ட பிறகுதான் காலைப் பலகாரம். இதில் கொடுமை ஒன்றுமில்லை. நிலவின் வயிற்றுக்குள் குடைந்த அந்த ஊரில் எல்லோருக்கும் ஆறில் ஒரு பங்கு எடைதான். மூன்று வயதுப் பிள்ளை இட்லியைக் கண்ட சந்தோஷத்தில் ஓர் எகிறு எகிறினால் உச்சந்தலை கூரையில் போய் இடிக்கும். ஆகவே ஐந்து வயது நிறையும் வரை வீட்டுக்குள் இடுப்பு வார், வீதிக்கு வந்தால் இரும்புத் தரையைக் கவ்விக்கொண்டு ஓடும் காந்தச் சக்கர வண்டி. சட்டப் புத்தகத்தில் அதற்கு மழலையூர்தி என்று பெயர் வைத்திருந்தார்கள். விற்கிறவனும் வாங்குகிறவனும் வண்டி என்றே சொன்னார்கள்.

பாறையைக் குடைந்து வீதி போடுவது லேசான காரியமா? ஓர் ஆள் அகலம், அதற்கு மேல் ஒரு சாண் தாராளம், அவ்வளவுதான். எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிட்டால் ஒன்று பின்னுக்குப் போய், முப்பது அடிக்கு ஒன்றாகச் சுவரில் வெட்டியிருந்த ஒதுங்குமாடத்துக்குள் புகவேண்டும். எது பின்னுக்குப் போவது? இந்தக் கேள்வியால் பூமியில் எத்தனை மண்டை உடைந்தது என்பதைக் கண்ணால் கண்டவர்கள்தான் ஊரை நிறுவிய தெற்கத்தி வியாபாரக் குடும்பத்தார். ஊர்மன்ற வாசலில் ஒரு பழைய படத்தை அவர்கள் மாட்டியிருந்தார்கள். ஒரு சந்தில் காரும் லோடு ஆட்டோவும் மூக்கோடு மூக்கு. இரண்டு ஓட்டுநர்களும் இன்ஜினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் ஓர் ஆம்புலன்ஸ். படத்துக்குக் கீழே ஒரே வரி: 'இது இங்கே நடக்காது.'

நடக்காமல் இருக்க முந்தெண் என்று ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். நல்ல சுகத்தோடு இருக்கிற பிள்ளையின் வண்டிக்குப் பத்து. காய்ச்சல் என்றால் முப்பது. நோய் பெருக எண்ணும் பெருகித் தொண்ணூற்று மூன்று வரை போகும். எதிர்ப்படும் வண்டிகள் கண் இமைக்கும் நேரத்தில் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். சின்ன எண் தானாகப் பின்னுக்குப் போகும். நோய் இன்னதென்று சொல்ல வேண்டியது தாய். தாய் சொன்னால் சொன்னதுதான். எந்தக் கருவியும் அதை மறுக்கக் கூடாது. பெற்ற பிள்ளைக்கு இல்லாத நோயை எந்தத் தாய் வாயால் சொல்வாள்? சொன்னால் பலித்துவிடுமே என்று பயப்பட மாட்டாளா? அந்தப் பயத்தை நம்பித்தான் நிறுவியவர்கள் கதவுக்குப் பூட்டு வைக்காமல் போய்ச் சேர்ந்தார்கள். சரக்கின் குணம் அறிந்த மனிதர்கள், வாங்குகிறவர்களின் குணத்தை மறந்துவிட்டார்கள்.

தங்கபுஷ்பம் பதினெட்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. காரணம் அவளுடைய ஓரகத்தி ஜெயக்கொடி. கொழுந்தன் பெண்டாட்டி, வயதில் இளையவள், வீட்டுக்குப் பின்னால் வந்தவள். அவள் மகள் இதழினிக்குக் காதுகுத்து. பெரியம்மா முறைக்குச் சீர்த்தட்டைச் சுமந்துகொண்டு, மகன் முகிலை வண்டியில் வைத்துத் தள்ளியபடி தங்கபுஷ்பம் போனாள். எதிரே ஜெயக்கொடி, பிள்ளை, பின்னால் நாற்பது சொந்தக்காரர்கள். வண்டிகள் பேசிக்கொண்டன. தங்கபுஷ்பத்தின் பழைய நாலு சக்கர வண்டி, "தங்களுக்கு வழிவிடுவதில் மகிழ்ச்சி" என்று தேன் குரலில் சொல்லிவிட்டு விறுவிறுவென்று பின்னுக்கு ஓடியது. கைப்பிடியைப் பிடித்திருந்த அவளும் தட்டோடு பின்னுக்கே ஓடினாள்.

ஜெயக்கொடி முகத்தில் ஒரு சிரிப்பு. "பாத்து போங்கக்கா. பின்னாடி சுவரு."

பிறகு ஒதுங்குமாடத்துக்குள் சீர்த்தட்டோடு நின்றவளை நாற்பது பேரும் ஒவ்வொருவராகக் கடந்தார்கள். ஒவ்வொருவரும், "என்ன மதினி, இங்க நிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் கடந்தார்கள்.

அன்று முதல் தங்கபுஷ்பத்துக்கு ஒரே ஓர் ஆசை. ஜெயக்கொடி அந்த மாடத்துக்குள் ஒடுங்கி நிற்க வேண்டும்; அந்தப் 'பின்னாடி சுவரு'வை அவள் காதில் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"வேற வண்டி பாக்கப் போறேன்" என்றாள் கணவன் தவசியிடம். "இடத்தை அடைக்காத மூணு சக்கர வண்டி."

"இருக்கிறதே நல்லாத்தான ஓடுது?"

"ஓடுது. பின்னாடி ஓடுது."

தவசி பணப்பையை எடுத்து நீட்டினான். குடும்பம் நடத்தத் தெரிந்தவன்.

வெயிலுமுத்து அண்ணாச்சியின் கடை மூன்றாம் குகையில். நிலவுக்கடியில் பிறந்து வெயிலையே பார்க்காத மனிதர். பெயர் மட்டும் பாட்டனாருடையது. மூன்று சக்கர வண்டிகளை வரிசையாக விரித்துக் காட்டினார்.

"இதப் பாருங்க தாயி. ஒத்தக் கையால மடக்கலாம். மடக்குனா கட்டிலுக்கு அடியில போயிரும். எடையே இல்ல."

"இங்க எதுக்கு அண்ணாச்சி எடை இருக்கு? உங்களையே ஒத்தக் கையால தூக்கிருவேன். வேற சொல்லுங்க."

அண்ணாச்சி சிரித்தார். வேறு சொன்னார். முன்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும்; பின்சக்கரம் இரண்டும் அகலம், எகிறுகிற பிள்ளையையும் அமுக்கிப் பிடிக்கும். தங்கபுஷ்பம் வாரை இழுத்துப் பார்த்தாள். கூடாரத்துணியை முகர்ந்து பார்த்தாள். மூன்று முறை மடக்கி மூன்று முறை விரித்தாள். நாலாவது வண்டியில் முகிலை உட்கார வைத்தாள். பிள்ளை முன்சக்கரத்தை எட்டிப் பார்த்துக் கைதட்டியது. அடக்கமான வண்டி, ஊதா நிறம், குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதே அவளுக்குக் குறையாகப் பட்டது.

"எல்லாம் சரிதான். இது பின்னாடி போகுமா?"

"எந்த வண்டியும் பின்னாடி போகும் தாயி."

"போகாத வண்டி வேணும்."

அண்ணாச்சி வாசலை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அது வண்டியில இல்ல, நம்பர்ல இருக்கு. உங்க ஓரகத்தி வண்டி இந்தக் கடையிலதான் வாங்குனது. அவங்க பிள்ளைக்கு என்ன சொல்லிருக்காங்கன்னு தெரியுமா? மூச்சிரைப்பு. நாப்பத்தெட்டு."

"அந்தப் பிள்ளைக்கா? போன வாரம் என் காதுல கத்துன கத்துல இன்னும் குய்யுங்குது!"

"வாய் இருக்கிறவங்க சொல்லுதாங்க. புஸ்தகத்துல இருக்கு, நாம எழுதுறோம்."

அவர் நோய்ப் புத்தகத்தைப் பிரித்தார். அடுத்த அரை மணி நேரம் சேலைக்கடை தோற்றது. தூசிச்சளி காட்டினார், அது எல்லோர் வீட்டிலும் இருப்பது என்று ஒதுக்கினாள். எலும்பு நெகிழ்ச்சி காட்டினார். பிள்ளையைப் பார்த்தால் நம்ப மாட்டார்கள் என்றாள். "கொஞ்சம் கூடுதலா எடுங்க அண்ணாச்சி, நல்ல நாள் பெரிய நாளுக்கும் ஆகணும்." கடைசியில் நரம்புத் துடிப்பில் கை வைத்தாள். அறுபத்தொன்று. வாயால் சொல்ல வேண்டிய நேரத்தில் அவளுக்கும் அந்தப் பயம் வரத்தான் செய்தது. முகிலின் கன்னத்தில் பெரிதாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள், மூன்று முறை துப்பினாள், நாக்கை லேசாகக் கடித்தபடி சொல்லி முடித்தாள். கடவுளுக்கு இது வியாபாரம் என்று தெரியாதா என்ன?

மறுநாள் காலை, பசுமைக்கூடத்துக்குப் போகும் வீதியில் ஜெயக்கொடி வரும் நேரம் பார்த்து நின்றாள். வண்டிகள் பேசிக்கொண்டன. இந்த முறை ஜெயக்கொடி பின்னுக்கு ஓடினாள்.

"பாத்துப் போ ஜெயக்கொடி. பின்னாடி சுவரு."

அன்று தங்கபுஷ்பம் ஏழு இட்லி சாப்பிட்டாள்.

ஆனால் ஒரே தெருவில் ஒரே சரக்கை ஒருத்திக்கு மட்டும் விற்கிற கடைக்காரர் எங்கே இருக்கிறார்? மூன்றாம் நாள் ஜெயக்கொடி அதே ஊதா மூன்று சக்கர வண்டியோடு வந்தாள். எழுபத்திரண்டு. தங்கபுஷ்பம் கடைக்கு ஓடினாள். எண்பத்தொன்று. ஜெயக்கொடி எண்பத்தாறு. இரண்டு பிள்ளைகளும் நாளுக்கொரு கன்னத்தில் பொட்டோடு, கொழுகொழுவென்று, ஊரிலேயே அதிக நோயாளிகளாக உலவினார்கள். ஒதுங்குமாடத்துக்குள் தள்ளப்பட்ட மற்ற தாய்மார்கள் முணுமுணுத்தார்கள். பிறகு அவர்களும் ஒருவர் பின் ஒருவராக மூன்றாம் குகைப் பக்கம் போய் வரத் தொடங்கினார்கள்.

"இதுதான் கடைசிப் பக்கம் தாயி" என்றார் அண்ணாச்சி. "செம்மூச்சு. இதுவரைக்கும் யாருக்கும் வந்ததில்ல."

"அப்ப புதுசு. எத்தனை?"

"தொண்ணூத்தி மூணு. ஆனா இதுல ஒரு விஷயம்..."

"எழுதுங்க."

"இல்ல தாயி, இது ஒட்டுவாரொட்டி, ஒருத்தருக்கு வந்தா ஊருக்கே தொத்தும்..."

"எனக்கு வாய்ச்ச ஒட்டுவாரொட்டிதான் அவ. நீங்க எழுதுங்க."

படிந்த பேரத்தை மூன்றாவது தடவை பேசிக் கெடுப்பது வியாபாரிக்கு அழகல்ல. எழுதினார். அவள் போனதும் கல்லாவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஜெயக்கொடி உள்ளே வந்தாள். அவளிடமும் அவர் இரண்டு முறைதான் சொன்னார்.

மாலையில் ஊர்மன்றத்துக்கு எதிரே சந்தித்தார்கள். இரண்டு ஊதா வண்டிகளின் முன்சக்கரமும் 'டக்' என்று முட்டின. கண் இமைக்கும் நேரம் போயிற்று. இன்னும் கொஞ்சம் நேரம் போயிற்று. இரண்டும் அசையவில்லை.

"நகரு."

"நீங்க நகருங்கக்கா."

"பெரியவ நான்."

"அதான் சொல்றேன். பெரிய மனசு பண்ணி நகருங்க."

பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. அதற்குள், முந்தெண்கள் ஒத்துப்போனால் மட்டும் வண்டி விவகாரத்தில் தலையிடும் ஊர்மதி விழித்துக்கொண்டது. ஊரின் காற்றையும் கதவையும் ஆளுகிற இயந்திர மூளை அது. இரண்டு வண்டிகளின் குறிப்பையும் படித்தது. ஒரு பிள்ளைக்குச் செம்மூச்சு என்றால் வீட்டோடு வைத்துப் பார். இரண்டு பிள்ளைக்கு என்றால் கொள்ளைநோய். அது இயந்திரம், அதற்கு ஓரகத்தி கிடையாது. சங்கு அலறியது. கூட்டம் எகிறிச் சிதறியதில் பலர் தலை கூரையில் இடித்தது. வீதியின் இருபுறமும் கதவுகள் இறங்கின. ஐந்து நிமிடத்தில் இரண்டு தாயும் இரண்டு பிள்ளையும் இரண்டு வண்டியும், பத்தடிக்குப் பத்தடி ஒதுக்கறையில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்.

மறுநாள் காலை ஊர்மதி பேசியது. "பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்தேன். நோய் இல்லை. ஆளுக்கு இரண்டு கிண்ணம் சோறு தின்றார்கள். ஆனால் தாயின் சொல்லை நான் மறுக்கக் கூடாது. நோய் உண்டென்று தாய் சொன்ன நாளிலிருந்து நாற்பது நாள் இந்த அறைதான். ஒரு வழி இருக்கிறது. உங்களில் ஒருவர், 'என் பிள்ளைக்குத் தொண்ணூற்று இரண்டு' என்று சொன்னால் போதும். அது வேறு நோய். கொள்ளைநோய் இல்லையென்று ஆகிவிடும். இருவரும் போகலாம். சொல்லுங்கள் தாயே, எத்தனை?"

ஒன்றே ஒன்று குறைத்தால் பேரம் முடிந்தது. கண்ணாடிக்கு வெளியே தவசியும் அவன் தம்பியும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊரே நின்றது. காதுகுத்துக்கு வந்த அந்த நாற்பது பேரும் முன்வரிசையில். ஒதுக்கறையிலிருந்து வீட்டுக்கு ஒரே வீதி, நடுவில் ஒரே ஒதுங்குமாடம். தங்கபுஷ்பம் கணக்குப் போட்டாள். ஒன்று குறைத்தவள்தான் பெரிய எண்ணை முந்தவிட்டு அதற்குள் நிற்பாள்.

"தொண்ணூத்தி மூணு" என்றாள்.

"தொண்ணூத்தி மூணு" என்றாள் ஜெயக்கொடி.

"இன்றிலிருந்து நாற்பது நாள்" என்றது ஊர்மதி.

தினமும் காலையில் அது கேட்டது. தினமும் இருவரும் சொன்னார்கள். தினமும் நாற்பது புதிதாகத் தொடங்கியது. அறையின் நடுவில் வண்டிகள் இரண்டும் மூக்கோடு மூக்கு நின்றன. எடுத்து ஓரமாக வைக்கவும் யாரும் முந்தவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் அவற்றைத் தாண்டிக் குதித்துத்தான் போனார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் ஏகக் கொண்டாட்டம். இரண்டும் ஒரே வண்டியில் நெருக்கி உட்கார்ந்துகொண்டு முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டுச் சிரித்தன.

பன்னிரண்டாம் நாள் காலை இதழினி, "அம்மா, அப்பாகிட்ட போலாம்மா" என்று கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு அழுதது. ஜெயக்கொடியின் முகம் தளர்ந்தது. கண்களைத் துடைத்தாள். தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"எத்தனை தாயே?" என்றது ஊர்மதி.

"தொண்ணூத்தி..." ஜெயக்கொடி மகளைப் பார்த்தாள். "தொண்ணூத்தி ரெ..."

வெளியே தவசி கண்ணாடியை ஒட்டி வந்து நின்றான். தங்கபுஷ்பம் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு மூச்சு நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். வெற்றி தானாக வந்து மடியில் விழும் நேரம். வீடு, கட்டில், மகனின் காலை இட்லி எல்லாம் அந்த ஒரு மூச்சுக்கு அந்தப் பக்கம். அவளுக்கும் அது தெரிந்தது. ஆனாலும் கண்ணாடிக்கு வெளியே அந்த நாற்பது பேர் இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே!

"பாத்து ஜெயக்கொடி" என்றாள். "பின்னாடி சுவரு."

ஜெயக்கொடி நிமிர்ந்தாள். பாதிச் சொல்லை விழுங்கினாள்.

"மூணு" என்றாள்.

"இன்றிலிருந்து நாற்பது நாள்" என்றது ஊர்மதி.

அன்று பிற்பகல் ஊர்மன்றத்தார் கூடி, வாசலில் மாட்டியிருந்த பழைய படத்தைப் பற்றி ஒரு முடிவெடுத்தார்கள். படத்தை எடுக்கவில்லை. கீழே இருந்த அந்த ஒரு வரியை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டார்கள்.