தீயணைப்பு வண்டியின் உள்பக்கம்

பெட்டியைத் திறந்தபோதே சின்னம் தெரிந்தது. அதுதான் சரியில்லை. ரோபோவாக விரியும் இந்த வகைப் பொம்மைத் தீயணைப்பு வண்டியின் கூரையில் கறுப்பாக ஒரு சதுர ஸ்டிக்கர் இருக்கும். விரலை வைத்துச் சூடேற்றினால்தான் அடியிலிருக்கும் சிவப்புச் சின்னம் மெல்ல எழும்பி வரும், விரலை எடுத்த கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். பெட்டியோ காலையிலிருந்து மேஜைமேல் மூடியபடி கிடந்தது. வெளியே நாளெல்லாம் மழை, அறை சில்லிட்டிருந்தது. யார் கையும் படாத வண்டியின் கூரையில், அப்போதுதான் யாரோ விரலை எடுத்ததுபோல் சின்னம் சிவந்திருந்தது.

ஸ்டிக்கர் கெட்டுப்போயிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பழைய பொம்மைகளை மதிப்பிடுவது அவள் தொழில். அண்ணன் கீழே கடையில் விற்பான். அவள் மாடியில் சரக்கறையில் உட்கார்ந்து எது அசல், எது ஒட்டுப்போட்டது என்று சொல்வாள். அவள் முத்திரை விழாத பொம்மையைப் பெரிய சேகரிப்பாளர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கடையில் எல்லோரும் அவளைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் வைத்தவன் அண்ணன்தான்.

அவன் படிக்கட்டிலிருந்தே குரல் கொடுத்தான். "பூதக்கண்ணாடி, அதை ரொம்ப நோண்டாத. மேலாப்புல பாத்துட்டு முத்திரையைப் போடு. வாங்குறவரு கிளம்பி வந்துட்டிருக்காரு."

"விரிச்சுப் பாக்காம எப்படிண்ணா போடுறது?"

"நான்தான் பாத்துட்டேனே. என்மேல நம்பிக்கை இல்லையா?"

அவள் சிரித்தாள். நம்பிக்கை இல்லாமலா? அம்மா படுத்த படுக்கையான பிறகு அவளுக்குத் தலைவாரிப் பின்னலிட்டவன் அவன். கோணல்மாணலாகப் பின்னிவிட்டு, இதுதான் புது நாகரிகம் என்று சத்தியம் செய்து பள்ளிக்கு அனுப்பிவைப்பான். அதையும் நம்பித்தான் போனாள். அண்ணன் என்றால் அவளுக்கு உயிர்.

இருந்தாலும் வேலை வேலைதான். புதுப் பெயிண்ட் கண்ணை ஏமாற்றும், மூட்டுகள் கையை ஏமாற்றாது. அதனால் எந்த ரோபோவையும் முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டுதான் விரிப்பாள். அன்றைக்கும் மூடிக்கொண்டாள். பின்சக்கரங்களைத் திருப்பினாள், கால்கள் கடக்கென்று இறங்கின. வண்டியின் முன்பாகத்தை இரண்டாகப் பிளந்து தோள்களாக்கினாள். உள்ளே ஒடுங்கியிருந்த கைகளை இழுத்தாள். பொம்மை வெதுவெதுப்பாக இருந்தது. திறந்த மூட்டுகளிலிருந்து ஒரு வாடை வந்தது, பிளாஸ்டிக் பொசுங்கிய வாடை இல்லை. துணியும் தலையணைப் பஞ்சும் எரிந்து, நனைந்து, பல வருடம் காற்றுப் படாமல் அடைந்துகிடந்த வாடை. மழைச் சத்தத்துக்கு நடுவே யாரோ இருமினார்கள்.

"சளி பிடிச்சிருக்காண்ணா?"

இருமல் கீழே இருந்து வந்ததுபோல் இல்லை.

விரல் ஏணியின் நுனிக்குப் போனது. அங்கே மட்டும் வழவழப்பு அதிகம். பட்டி மாவு வைத்து அடைத்து மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். நகத்தால் சுரண்டினாள், மாவு உதிர்ந்தது. அடியில் வரிசையாக நான்கு சின்னப் பள்ளங்கள். ஏணியைத் திருப்பித் தடவினாள். அந்தப் பக்கமும் நான்கு.

கண்ணைத் திறக்கப் பிடிக்கவில்லை.

செத்துப்போன தம்பியிடமும் இப்படி ஒரு வண்டி இருந்தது, அப்போது அவனுக்கு நான்கு வயது. கையில் கிடைத்ததையெல்லாம் கடிப்பான். ஏணியைக் கடிக்காதே என்று அவளே அவன் முதுகில் ஒன்று வைத்திருக்கிறாள். ஒரு சாயங்காலம் கரண்ட் போயிற்று. மெழுகுவர்த்தியிலிருந்து திரைச்சீலை பற்றிக்கொண்டது. அவளும் அம்மாவும் திரும்பி வந்தபோது வாசலில் கூட்டம். தான் தெருமுனையில் விளையாடிக்கொண்டிருந்ததாக அண்ணன் சொன்னான். தம்பியே பயத்தில் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டதாகவும், அவனோடு பொம்மையும் கருகிவிட்டதாகவும் சொன்னான். எல்லோரும் நம்பினார்கள். எல்லோரையும்விட அவள்தான் அதிகம் நம்பினாள்.

கண்ணைத் திறந்தாள். ரோபோ அவள் கையில் நின்றது. வெளியே தெரிந்த இடமெல்லாம் புத்தம்புதுச் சிவப்பு. ஆனால் வண்டியாக இருக்கும்போது மடங்கி மறையும் இடங்களில், உள்ளங்கையிலும் தொடையிலும் தோளின் அடியிலும், புகைக்கரி அப்பியிருந்தது. அண்ணன் வண்டியாக வைத்தே பெயிண்ட் அடித்துவிட்டான். விரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. கரியைப் பார்த்தால் பொம்மை தீக்குள் இருந்திருக்கிறது. முழுசாக இருப்பதைப் பார்த்தால், தீ பிடித்த பிறகு யாரோ அந்த அறையிலிருந்து அதை எடுத்து வந்திருக்கிறார்கள்.

பொம்மையை எடுத்திருக்கிறான். பொம்மையை மட்டும்.

"என்ன, முடிஞ்சுதா?" அண்ணன் வாசலில் நின்றான்.

"இது தம்பியோடதுதானே?"

"உளறாத. இதே மாதிரி ஆயிரம் பொம்மை இருக்கு."

"ஆயிரத்துலயும் அவன் பல்லு இருக்குமாண்ணா?"

அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு யாருடையதோ போல ஆயிற்று.

"பொம்மையைக் கேட்டேன், தரமாட்டேன்னு கடிச்சான். பிடுங்கிட்டு வெளிய வந்துட்டேன். அப்ப நானும் சின்னப் பையன்தானே?"

"தீ பிடிச்சதுக்கப்புறம்தானே வெளிய வந்த? தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையில் இருந்த பொம்மையைப் பார்த்தான். பல வருடமாகத் தன்னைத் தூக்கி வளர்த்த அந்தக் கைகளை அவள் பார்த்தாள். இத்தனை நாள் சாப்பிட்ட சோறெல்லாம் பொய்யென்று தோன்றியது.

விளக்கு அணைந்தது.

பொம்மை கையிலிருந்து பிடுங்கப்பட்டது. கதவு சாத்திக்கொண்டது. விலையுயர்ந்த சரக்கு வைக்கும் அறை. அதன் தாழ்ப்பாள் வெளியேதான். அது ஏறி விழுந்த சத்தம் கேட்டது.

"அண்ணா!"

"கொஞ்ச நேரம் அமைதியா இரு. நீயா யோசி. அப்புறம் பேசலாம்." பின்னலிடும்போது தலையை ஆட்டாதே என்று சொல்வானே, அதே குரல். பிறகு செருப்புச் சத்தம் படியிறங்கியது. அவசரமில்லாமல்.

அவள் கதவைத் தட்டினாள். மழை. தட்டினாள். கடையின் ஷட்டர் இறங்கும் ஓசை.

அந்த வாடை போகவில்லை. பொம்மை போன பிறகும். முன்பைவிட அதிகமாக. கண் எரிந்தது. தொண்டையில் பஞ்சு அடைத்தது.

பின்னால் இருமல்.

மிகத் தாழ்வாக, தரையை ஒட்டி. மறுபடியும். இப்போது மேஜைப் பக்கம். இப்போது நாற்காலிப் பக்கம்.

அவள் திரும்பவில்லை. நெற்றியைக் கதவில் அழுத்திக்கொண்டாள். முதுகில் சூடு ஏறியது. எதிரே கதவின் மரத்தில் மஞ்சளாக ஒரு வெளிச்சம் விழுந்து, அசைந்து, வளர்ந்தது. அவள் நிழல் அதில் ஆடியது. அதன் பக்கத்தில் இன்னொரு நிழலும். இடுப்பளவுதான் இருந்தது.

"அக்கா," என்றது கரகரத்த குரல். "உன்னையும் பூட்டிட்டானா?"

கதவில் பதிந்திருந்த தன் இரு கைகளையும் பார்த்தபடியே நின்றாள். அவற்றுக்குக் கீழே, அவள் இடுப்பை இரு பக்கமும் உரசிக்கொண்டு, கருகிய இரண்டு சின்னக் கைகள் நீண்டு வந்து, பொறுமையாகக் கதவைத் தட்டத் தொடங்கின.