வௌவால் குகையில் ஒரு பொடி டப்பா

“குப்பையக் கெளறத்தானாட்டி இவ்வளவு படிச்ச?”

சித்தி ஒரு முறை செண்பகவடிவிடம் இப்படிக் கேட்டிருந்தாள். இன்றைக்கு மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வௌவால் குகை வாசலில் நின்றபோது, அந்தக் கேள்வியும் நாற்றமும் சேர்ந்தே முகத்தில் அடித்தன.

அந்த மலையைக் குவாரிக்காரர்கள் வெடி வைத்து உடைக்கப் போகிறார்கள். உடைப்பதற்கு முன், பழங்காலத் தடயம் எதுவும் அங்கே இல்லையென்று தொல்லியல் படித்தவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். குற்றாலிங்கம் நடத்தும் சிறு நிறுவனத்துக்கு அதுதான் தொழில். வடிவும் வரைபடம் போடும் ஜெபராஜும் அவரிடம் வேலை பார்த்தார்கள். மலையடியில் அவர் காட்டிய இடங்களிலெல்லாம் குழி வெட்டிப் பார்த்தாயிற்று. ஒன்றும் கிடைக்கவில்லை. அறிக்கையில் வடிவின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“குகையப் பாக்காம போட மாட்டேன் சார்” என்று காலையில் சொல்லிவிட்டாள்.

“அங்க வௌவால் பீயத் தவிர ஒண்ணுமில்ல வடிவு. நான் வாசல்லயே நின்னு பாத்துட்டேன். உள்ள போனா மூச்சடைச்சிச் செத்துப் போவ. இத முடிச்சிக் குடுத்தா அடுத்த மலையும் நமக்குத்தான்” என்றார் குற்றாலிங்கம். ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டு, குவாரி முதலாளியைப் பார்க்க ஜீப்பில் ஏறினார். “சாயங்காலம் வருவேன். கையெழுத்து இருக்கணும்.”

ஜீப் மறைந்ததும் வடிவும் ஜெபராஜும் மலை ஏறிவிட்டார்கள்.

குகை வாய் குறுகல். வயிற்றால் ஊர்ந்துதான் போக வேண்டும். ஜெபராஜ் டார்ச்சை நெற்றியில் கட்டிக்கொண்டு, தோளில் கயிறும் கையில் சிறு மண்வெட்டியுமாக முன்னால் போனான். கையை ஊன்றிய இடமெல்லாம் பிசுபிசுத்தது. கரப்பான்கள் சட்டைக் கைக்குள் ஏறின. நெடியில் கண் எரிந்து நீர் வழிந்தது.

“யக்கா, வாயத் தொறந்துறாத. மேல பெய்யுது.”

“நீ பேசாமப் போலே.”

குறுகல் முடிந்து பெரிய அறை வந்தது. கூரை முழுக்க வௌவால்கள். வெளிச்சம் பட்டதும் ஆயிரம் கிழிந்த குடைகளை ஒன்றாக உதறியது போல அடித்துக்கொண்டு பறந்தன. இருவரும் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். அடங்கியபின் வடிவு சுவரில் வெளிச்சம் காட்டினாள். வெறும் பாறை. ஒரு கோடுகூட இல்லை. தரையில் காலங்காலமாகச் சேர்ந்த எச்சம் செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது.

“பாத்தாச்சில்லா? போயிருவோம்.”

“பின்சுவரு வரைக்கும் போயிட்டுத் திரும்புவோம்.”

சுவரை நெருங்கும்போது வடிவின் கால் சட்டென்று உள்ளே போனது. முழங்கால், தொடை, இடுப்பு. சூடான களிக்குள் இறங்கியது போலிருந்தது. புழுக்கள் முழங்கையில் நெளிந்தன. அசைய அசைய இன்னும் இறங்கினாள்.

“ஆடாத, ஆடாதங்கேன்லா!”

ஜெபராஜ் தோளில் கிடந்த கயிற்றை வீசினான். இறுகிய தரையில் குப்புறப் படுத்து அங்குலம் அங்குலமாக இழுத்தான். வெளியே வந்து விழுந்த வடிவு துண்டை அவிழ்த்து வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்தவள் துடைத்தபடியே நின்றுவிட்டாள்.

“ஜெபராஜு, தரையெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. இங்க மட்டும் ஏன் பொலபொலன்னு இருக்கு?”

அவன் விழித்தான். குழி வெட்டிப் பிழைக்கிற அவர்கள் இருவருக்கும் தெரியும், ஒரு தடவை தோண்டிய மண் திரும்பப் பழையபடி இறுகாது என்று.

“யாரோ வெட்டி மூடிருக்காங்க” என்றான்.

ஓரத்திலிருந்து மண்வெட்டியால் வழித்து வழித்துத் தள்ளினார்கள். அழுக்கு இடுப்பு உயரத்துக்குக் குவிந்தபோது நீலப் பிளாஸ்டிக் ஷீட் ஒன்று தட்டுப்பட்டது. சுவர்மேல் போர்த்தினாற்போல் சுருக்கமில்லாமல் விரித்து, கீழோரத்தில் கல் வைத்திருந்தது. கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மூக்குப்பொடி டப்பா.

வடிவு திறந்தாள். உள்ளே இந்த வருஷத்து நாணயம் ஒன்று பளபளத்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. குழியை மூடும் முன் அடியில் அந்த வருஷத்துக் காசு ஒன்றைப் போடுவது தொல்லியல்காரர்கள் பலருக்கு வழக்கம். பின்னால் தோண்டுகிறவன் இது ஏற்கெனவே பார்த்த இடம் என்று தெரிந்துகொள்வான். எந்தக் குழியானாலும் விடாமல், காசைப் பொடி டப்பாவில் வைத்துப் போடுகிறவரோ அவர்களுக்குத் தெரிந்து ஒருவர்தான்.

வடிவு ஷீட்டை விலக்கினாள்.

எச்சம் மூடிக் காத்துவைத்திருந்த சுவரில், செங்காவி நிறத்தில், ஒரு வரிசை மனிதர்கள் கைகோத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காலடியில் மான்கள். ஓரத்தில் ஒரு சின்னக் கை. ஏதோ பிள்ளை சாயத்தில் தோய்த்துப் பதித்த உள்ளங்கை.

ஜெபராஜ் குனிந்து சுவரோரமாகப் பார்த்துக்கொண்டே போனான்.

“எவ்வளவு பதனமா மூடிருக்காரு பாரேன். ஒரு கீறல் இல்ல” என்றான் ஜெபராஜ்.

“ஆமா. வெடி வைக்கத்தான் பதனமா மூடிருக்காரு.”

அத்தனை நேரம் பொறுத்த நாற்றத்தைவிட அந்த நினைப்புதான் வடிவுக்கு அதிகமாகக் கசந்தது. இன்னதென்று தெரியாதவன் உடைத்தால் ஆத்திரம் வரும். இவர் தெரிந்து, ஓரத்தில் கல் வைத்து, பதனமாகப் போர்த்திவிட்டுப் போயிருக்கிறார். காலையில் ‘ஒண்ணுமில்ல’ என்ற அந்த வாய் ஒரு தடவைகூடக் குழறவில்லை.

அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படங்கள் எடுத்தாள். ஜெபராஜ் வரைந்தான். மறுபடி ஊர்ந்து வெளியே வந்து, சிக்னல் கிடைக்கும் பாறை மேல் ஏறி, படங்களைத் தொல்லியல் துறைக்கு அனுப்பினாள். அவர்கள் கீழே இறங்கும் முன் மாவட்ட அதிகாரியே கூப்பிட்டுவிட்டார். “காலைல நானே வாரேன்மா. அதுவரைக்கும் யாரும் அந்த மலையத் தொடக் கூடாது. குவாரிக்கு ராத்திரிக்குள்ள சொல்லிருதேன்.”

ஜெபராஜ் ஓடையைப் பார்த்து ஓடினான். “மொதல்ல குளிக்கணும் யக்கா. எங்கம்மாவே என்னய வீட்டுக்குள்ள விட மாட்டா.”

வடிவு குளிக்கவில்லை. தலையிலிருந்து கால் வரை அப்பிய அழுக்கோடு அடிவாரத்தில் உட்கார்ந்திருந்தாள். சித்தியை இப்போது பார்த்தால் சொல்லலாம். ஆமா சித்தி, குப்பையைக் கிளறத்தான். குப்பையை யார் போட்டது என்றும் அதில்தானே தெரிகிறது.

வெயில் சாயும் முன் ஜீப் வந்தது. குற்றாலிங்கம் இறங்கி மூக்கைப் பொத்தினார்.

“சீ, என்ன நாத்தம். சொன்னேன்ல, வௌவால் பீதான்னு. கையெழுத்துப் போட்டியா?”

வடிவு டப்பாவை நீட்டினாள்.

அவர் கை தன்னால் சட்டைப்பைக்குப் போய், அங்கே இருந்த அதே மாதிரி டப்பாவைத் தொட்டுப் பார்த்தது. பிறகு அவள் நீட்டியதை வாங்கித் திறந்தார். நாணயத்தைப் பார்த்தார். மேலே குகையைப் பார்த்தார். என்ன செய்தாய் என்று அவரே கேட்கட்டும் என்று வடிவு காத்திருந்தாள்.

டப்பாவை மூடி, ஓசை வராமல் பாறை மேல் வைத்துவிட்டு, திறந்து கிடந்த ஜீப்பையும் மறந்து, அவர் ரோட்டைப் பார்த்து நடந்தார்.