அரிகிருஷ்ணனின் ஃப்ளெக்ஸ்

திங்கட்கிழமை வாங்கிய கத்தரிக்கோல் புதன்கிழமை மத்தியானமே துருவேறிக் கிடந்தது. டெபோரா அதைத் துப்பட்டாவில் துடைத்தாள். செங்காவிக் கறை அப்படியே ஒட்டிக்கொண்டது. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் பேருந்துகள் ஹாரன் அடிக்கிற பட்டப்பகலில், கதவும் ஜன்னலும் சாத்திய அந்தப் போர்டுக் கடைக்குள் லேசர் மெஷின் வினைல் ஷீட்டைப் பொசுக்கிப் பொசுக்கி எழுத்து வெட்டிக்கொண்டிருந்தது. இரும்பையே இப்படித் தின்கிற புகை தன் நெஞ்சை என்ன செய்துகொண்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள்.

வினைலை இதில் வெட்டாதே, விஷப் புகை வரும் என்று மெஷின் மூடியிலேயே எழுதியிருந்தது. முதலாளி ஷ்யாம்சுந்தர் அதன்மேல் சாமி படம் ஒட்டி வைத்திருந்தார். நல்ல பக்திதான்.

அவளுக்கு முன்னால் இந்த மெஷினை ஓட்டிய அரிகிருஷ்ணன், ஆறு மாதம் இருமி இருமியே, போன மாதம் செத்துப்போனான். சிகரெட்டால் வந்தது என்றார் முதலாளி. அவன் சிகரெட்டைத் தொட்டதே கிடையாது. கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸை மட்டும் இலவசமாக அடித்துக் கொடுத்தார், பெரிய மனுஷர். காரியம் முடிந்ததும் அதையே திரும்ப எடுத்துவந்து, ஏசி வீணாகிறதென்று, எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றிய ஓட்டையை மூடி ஆணியடித்தார்.

அந்த ஃப்ளெக்ஸ் இப்போது அசைந்தது. அரிகிருஷ்ணனின் சிரித்த முகம் மெல்ல உப்பி, ஒடுங்கி, மறுபடி உப்பியது. ஓட்டை வழியாகக் காற்று வருகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, முதலாளியின் கண்ணாடி அறைக்குப் போனாள்.

"சார், அந்த ஃப்ளெக்ஸ எடுத்துட்டு ஃபேன் மாட்டுங்க. மூச்சு முட்டுது."

"இன்னா டெபோரா, நீயும் ஆரம்பிச்சிட்டியா? ஓட்டைய போன வாரமே வெளிப்பக்கமா செங்கல் வச்சிப் பூசியாச்சு. ஃப்ளெக்ஸ் சும்மா தொங்கினு கீது. போய் வேலையப் பாரு."

பூசியாச்சு. அப்படியென்றால் காற்று?

திரும்பி வந்து மெஷினை நிறுத்தினாள். ஏசியை நிறுத்தினாள். ஃப்ளெக்ஸ் நிற்கவில்லை. ஒவ்வொரு முறை ஒடுங்கும்போதும் ஒரு கரகரப்பு. பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஆறு மாதம் அவள் கேட்ட அதே கரகரப்பு.

பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. ஃப்ளெக்ஸைப் பிடித்து இழுத்தாள். துருவேறிய ஆணிகள் பொடிந்து விழுந்தன. பின்னால் வெறும் சுவர். கையில் ஃப்ளெக்ஸ் சூடாக இருந்தது. இன்னும் மூச்சு விட்டது.

அதை ஷ்யாம்சுந்தரின் அறையிலேயே, அவர் நாற்காலிக்கு எதிரே, காலண்டர் ஆணியில் மாட்டினாள்.

"இங்க இருக்கட்டும் சார். நீங்களும் கொஞ்சம் கேளுங்க."

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். பையை எடுத்தாள். திரும்பிப் பார்த்தாள்.

ஃப்ளெக்ஸ் மூச்சை இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது. மேசைக் காகிதங்கள் அதை நோக்கிப் பறந்தன. ஷ்யாம்சுந்தர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

டெபோரா ஓடிப்போய்க் கதவை இழுத்தாள். கைப்பிடி துருவாக உதிர்ந்து அவள் கையோடு வந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அரிகிருஷ்ணனின் கன்னங்கள் உப்பிக்கொண்டே போயின. இழுத்த மூச்சை அவன் விடவில்லை.